அகதியாகப் போய் வெளிநாட்டில் நன்றாக வாழும் யாரையாவது நேரில் சந்தித்ததுண்டா? அவர்கள் முன்னேறியதற்கு எது காரணம்?

சந்தித்திருக்கிறேன். ஆனால் "ராப்பகலாக உழைத்தார், முன்னுக்கு வந்தார்" என்ற பதிலை எதிர்பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். அந்த மனிதரே அதை ஒத்துக்கொள்ளவில்லை.

மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அங்கே போனவர்களுக்குத் தெரியும், நோயாளியை சிஸ்டர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டால் கூட வந்தவர்களுக்கு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. பக்கத்து நாற்காலியில் அறுபதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். தங்கையை அதே ஆபரேஷனுக்குக் கூட்டி வந்திருந்தார். "தம்பி, இஞ்ச தேத்தண்ணி எங்க எடுக்கலாம்?" என்று கேட்டார். நான் போய் இரண்டு டீ வாங்கி வந்தேன். அப்புறம் பேச்சு மதியம் வரை போனது.

ஊர் இலங்கையில், மன்னார் தீவில் இருக்கும் பேசாலை. கடல் தொழில் செய்த குடும்பம். 1983 கலவரத்துக்குப் பிறகு நிலைமை மோசமாகிக்கொண்டே போக, 1987-இல் கொழும்பு வழியாக நார்வே போய் அடைக்கலம் கேட்டிருக்கிறார். தங்கை கல்யாணமாகி ஊரிலேயே இருந்தார். 1990-இல் மறுபடி சண்டை மூண்டபோது கணவரோடும் கைக்குழந்தையோடும் படகேறி ராமேஸ்வரம் வந்தார். முதலில் மண்டபம் முகாம், பிறகு உச்சப்பட்டி முகாம். திருமங்கலம் போகிற வழியில் கப்பலூர் பக்கம் இருக்கிறதே, அதுதான். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

கனடா, லண்டன் என்றுதான் எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன், நார்வே எப்படி என்று கேட்டேன். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறதாம். அந்தோனி ராஜேந்திரம் என்பவர் 1956-இலேயே நார்வே போயிருக்கிறார். அங்கே கிடைத்த உதவியை வைத்து 1967-இல் யாழ்ப்பாணம் பக்கம் காரைநகரில் 'சீநோர்' என்ற மீன்பிடித் திட்டம் தொடங்கியது. அந்தத் தொடர்பில் யாழ்ப்பாணத்துப் பையன்கள் சிலர் அங்குள்ள கல்லூரிகளுக்குப் படிக்கப் போனார்கள். சண்டை வந்தபோது அந்தப் பாதை ஏற்கெனவே போட்டுக் கிடந்தது.

இவரை அனுப்பி வைத்த இடம் வடகோடியில் ஃபின்மார்க் மாகாணம். நவம்பர் கடைசியில் இறங்கும் சூரியன் அங்கே ஜனவரியில்தான் மறுபடி தலைகாட்டும். "முதல் வருஷம் மத்தியானம் ரெண்டு மணிக்கு எழும்பி, விடியுறதுக்கு இன்னும் நேரம் கிடக்கெண்டு திரும்பப் படுத்திட்டன்" என்று சொல்லிச் சிரித்தார். வேலை மீன் ஃபேக்டரியில். பனிக்கட்டியில் கிடக்கும் காட் மீனை எடுத்து முள் நீக்கித் துண்டு போட வேண்டும். ரப்பர் கையுறைக்குள்ளேயே விரல் மரத்துப் போகும். பக்கத்தில் நின்று வெட்டியவர்களில் பட்டதாரிகளும் இருந்தார்களாம். "அவங்களுக்குத்தான் கஷ்டம். நான் மீனோட பிறந்தவன். ஊர்ல பிடிச்சன், அங்க வெட்டினன், அவ்வளவுதான்."

ஏன் இவர்களுக்கு உடனே வேலை கிடைத்தது என்பதையும் அவரே சொன்னார். அந்த ஊர்களின் இளைஞர்கள் தெற்கே நகரங்களுக்குப் போய்விட்டார்கள், மீன் வெட்ட ஆள் இல்லை. நம் ஊர்ப் பக்கம் தறி ஓட்ட ஆள் கிடைக்காத கதை மாதிரிதான். ஆள் தேவைப்பட்ட நேரத்தில் இவர்கள் போய் நின்றார்கள். மொழி வகுப்பும் நடத்தினார்கள். சில வருடம் கழித்து ஆஸ்லோவுக்குக் குடிபெயர்ந்து பஸ் ஓட்டுநரானார். இப்போது ஓய்வு. இரண்டு பிள்ளைகளும் அங்கேயே வேலையில் இருக்கிறார்கள்.

அவர் ரொம்ப நேரம் பேசியது ஓட்டுரிமையைப் பற்றித்தான். நார்வேயில் சட்டப்படி மூன்று வருடம் தொடர்ந்து வசித்தால், குடியுரிமை இல்லாதவரும் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். 1983 முதல் அப்படித்தான். ஃபேக்டரியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே இவர் ஓட்டுப் போட்டுவிட்டார். குடியுரிமை பிறகு வந்தது. மூன்று வயதில் பெற்றோரோடு அங்கே போன கம்சி குணரத்தினம் 2015-இல் ஆஸ்லோவின் துணை மேயரானதையும், 2021-இல் நாடாளுமன்றத்துக்குப் போனதையும் சொந்தக்காரப் பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார். (எனக்குத் தெரிந்த மதுரைக்காரர்கள் பாதிப்பேர் ஓட்டுப் போடும் நாளில் கொடைக்கானல் போய்விடுவார்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.)

"நல்லா உழைச்சிருக்கீங்கண்ணே" என்று நான் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது.

"தம்பி, என்ர மச்சான் என்னைவிட உழைச்சவன்" என்றார். தங்கையின் கணவரைச் சொன்னார். முகாம் ஆண்கள் நிறையப் பேர் செய்வது போல அவரும் பெயின்ட் அடிக்கும் வேலைதான். மதுரையில் சாரம் கட்டி ஏறாத தெரு இல்லையாம். முதுகு போய் இப்போது வீட்டில் இருக்கிறார். "அவன் பெயின்ட் அடிச்ச வீடுகளை நிரையாக நிப்பாட்டினால் ஒரு டவுன் வரும். அவனுக்கெண்டு ஒரு துண்டு நிலம் இல்லை. எனக்கு பேப்பர் கிடைச்சுது, அவனுக்குக் கிடைக்கேல்லை. இதில உழைப்பைப் பற்றி என்ன கதை?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தவர்களும் முகாமிலிருந்து வந்தவர்கள்தான். சம்பளம் பேசினோம், டீ கொடுத்தோம். அவர்களுடைய பேப்பரைப் பற்றி யார் யோசித்தோம்?

அவர் இந்தியாவைக் குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அந்த நேரத்தில் சோறு போட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தது இந்த நாடுதான் என்றார். முகாமில் இருப்பவர்களுக்குத் தரும் மாதப் பணக்கொடையை 2021-இல் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 ரூபாய் என்று தமிழக அரசு உயர்த்தியது. முகாம்களில் புது வீடுகளும் கட்டிக் கொடுக்கிறது. ஆனால் குடியுரிமை மாநிலத்தின் கையில் இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் நார்வே கையெழுத்திட்டது, இந்தியா கையெழுத்திடவில்லை. இங்கே அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் படகில் வந்தவர் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. அந்த முத்திரை இருக்கும்வரை குடியுரிமைக்கு விண்ணப்பித்தாலும் வேலைக்காகாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்தான் இருக்கின்றன. இலங்கை இல்லை.

பாஷை தெரியாத தேசத்துக்குப் போன அண்ணன் அந்த நாட்டுக்காரர். கூப்பிடு தூரத்துக் கரைக்கு வந்து, மீனாட்சி கோயில் திருவிழாவுக்குப் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிற தங்கை இன்னும் வெளிநாட்டுக்காரர். ஆள் கணக்கெடுக்க வரும் நாளில் முகாமில் இருந்தாக வேண்டும். அண்ணன் அங்கே போய்த் தங்க முடியாது, மாட்டுத்தாவணிப் பக்கம் லாட்ஜில் அறை எடுத்திருந்தார்.

மதியத்துக்கு மேல் தங்கை பச்சைத் துணி கட்டிய கண்ணோடு வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "மீன் வெட்டின கதையெல்லாம் சொல்லி முடிச்சிட்டாரோ?" என்று கேட்டார். அண்ணன் வருகிறபோதெல்லாம் நடக்கிற சங்கதி போல. பேசியதில் பாதி மன்னார், பாதி மதுரை. "வெயில் என்னா அடி அடிக்குது" என்று அவர் சொன்னதைக் கேட்டால் யாரும் திருமங்கலத்துக்காரர் என்றுதான் நினைப்பார்கள்.

அவருடைய கடைசி மகள் முகாமில் பிறந்தவர், பி.காம். முடித்து ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். மாமா நார்வேக்குக் கூட்டிப்போய்க் காட்ட ஆசைப்படுகிறார், ஆனால் இந்தப் பெண்ணுக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-இல் நம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது, அவர் 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அந்தச் செய்தியை மடித்துப் பர்சில் வைத்திருந்தார் அண்ணன். தெரிந்த வக்கீல் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

ஒத்தக்கடையில் இருக்கும் வக்கீல் நண்பரிடம் அனுப்பி வைத்தேன். 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்த மண்ணில் பிறந்தவர் யாரானாலும் குடிமகன்தான், அதனால்தான் அந்தப் பெண் ஜெயித்தார். அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். தங்கையின் மகள் பிறந்தது 1993. வேறு என்ன வழி இருக்கிறது என்று பார்க்க, பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், முகாம் அட்டை எல்லாவற்றையும் நகல் எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். மாமா டிசம்பரில் மறுபடி வருகிறார்.