ஆரம்பப் பிரிவு ஆசிரிய பயிலுநர்களுக்குப் பாடசாலையில் போய் விஞ்ஞானம் படிப்பிக்கும் பயிற்சி உதவுமா, அல்லது அது வெறும் புள்ளிக்குத்தானா?

தங்கச்சி, நீங்கள் தாழங்குடாவிலோ அட்டாளைச்சேனையிலோ கல்வியியற் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். உதவும். ஆனால் வகுப்பாசிரியர் உங்களோடு உட்கார்ந்து பரிசோதனையைச் செய்து பார்க்க வேண்டும். நான் அதைச் செய்யத் தவறியவள்.

களுவாஞ்சிகுடிப் பக்கம் தரம் 4 படிப்பிக்கிறேன். கல்லூரியில் இருந்து பயிற்சிக்கு வந்த ஒரு பயிலுநர் பிள்ளை, சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் மிதப்பது, அமிழ்வது பற்றிய பாடத்துக்கு, 'கிணற்றுத் தண்ணீரில் முட்டை அமிழும், கடல் தண்ணீரில் மிதக்கும்' என்று பாடக்குறிப்பு எழுதியிருந்தது. நானும் சரி என்று கையெழுத்துப் போட்டேன். அடுத்த நாள் கல்லூரி விரிவுரையாளர்கள் மேற்பார்வைக்கு வந்தார்கள். போத்தலில் கொண்டுவந்த கடல் தண்ணீரில் முட்டையைப் போட்டால் நேரே அடிக்குப் போய்விட்டது! அந்தப் பிள்ளை என்னைப் பார்க்குது, எனக்கும் காரணம் தெரியவில்லை. அப்போது பின்வாங்கில் இருந்து ஒரு பொடியன், வீட்டில் கருவாடு போடுகிறவர்கள், "உப்பு காணாது டீச்சர், இன்னும் போடுங்க" என்றான். கரண்டி கரண்டியாகப் போட்டுக் கலக்க, வகுப்பே எண்ண, முட்டை மெல்ல எழும்பி வந்தது. அவ்வளவு சத்தமாக என் வகுப்பு சந்தோசப்பட்டதே இல்லை. பிறகு பார்த்தால், ஒரு லீற்றர் கடல் தண்ணீரில் 35 கிராம் அளவு உப்புத்தான், புது முட்டை மிதக்க அதைப் போல மூன்று மடங்கு வேண்டும்.

மேற்பார்வைத் தாளில் 'நேர முகாமைத்துவம் போதாது' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளை அழுதது எனக்கு இன்னும் ஆறவில்லை. விரிவுரையாளர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், ஒரே நாளில் எத்தனை பாடசாலை ஓடுகிறார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் பயிலுநரோடு இருந்து பார்க்க எங்களுக்கு ஒரு பாடவேளைகூட ஒதுக்குவதில்லையே? தரம் 5 போனால் இன்னும் மோசம், சுற்றாடல் பாடவேளையையும் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வினாத்தாள் விழுங்கிவிடும். அதை இதற்குள் ஏன் இழுக்கிறாய் என்பீர்கள். மனம் கேட்கவில்லை.

சரி, பாடத்துக்கு முதல் நாள் பாடசாலை விட்டதும் வகுப்பாசிரியரை அரை மணித்தியாலம் மறித்து, இரண்டு பேருமாகச் செய்து பாருங்கள். முட்டை புதிதாக இருக்கட்டும், நாள்பட்டது உள்ளே காற்றுக் கூடிக் கிணற்றுத் தண்ணீரிலேயே எழும்பிவிடும்.