யன்னல் திறக்காத பஸ்: வாசகர் கேள்விகளுக்குத் தாதி அக்கா பதில்

வெளிநாட்டு நெடுந்தூர பஸ்களில் பட்ட பாட்டை எழுதி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. நாம் எல்லாரும் மட்டக்களப்பு, கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்களில் பழகிய ஆட்கள். வெலிக்கந்தை வருமுன் தூங்கி, குருநாகலில் தேத்தண்ணிக்கு எழும்புவோம். அவசரம் என்றால் "அண்ணன், ஒருக்கா நிற்பாட்டுங்க" என்று குரல் கொடுப்போம், பஸ் நிற்கும். அந்தப் பழக்கத்தோடு வெளிநாட்டில் ஏறினால் அங்கே யன்னல் திறக்காது, கொண்டக்டர் இருக்கமாட்டார், நிற்பாட்டச் சொல்ல மொழியும் இருக்காது. சவூதியில் எட்டு வருடம் தாதியாக வேலை செய்த காலத்தில் நானும் இப்படிப் பல தடவை போய் வந்தவள். நான்கு கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மிஸ்ஸி, எனக்கு 66 வயது, சீனி வருத்தம் இருக்கிறது. ரியாத்தில் இருக்கும் மகன் உம்றாவுக்கு மக்காவுக்கு பஸ்ஸில் கூட்டிப்போகப் போகிறார். போன முறை போனபோது வழியில் மூத்திரம் போக முடியாமல் பட்ட அவதியை வாயால் சொல்ல முடியாது. இந்த முறை தண்ணீர் குடிக்காமலே போகலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?
*சம்மாந்துறையிலிருந்து ஒரு வாசகி*

ராத்தா, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான் அதைச் செய்து பட்டவள்.

2004 ஓகஸ்ட். நான் ஹாயில் என்ற வடபகுதி நகரத்தில் வேலை செய்தேன். கடவுச்சீட்டு புதுப்பிக்க ரியாத்தில் உள்ள நம் தூதரகத்துக்குப் போக வேண்டும். அறுநூறு கிலோமீற்றருக்கு மேல். கூட வேலை செய்த கேரளப் பிள்ளை ஒருத்தியும் வந்தாள். வழியில் கழிப்பறை இருக்குமோ இல்லையோ என்ற பயத்தில் காலையிலிருந்து அரைக்கோப்பைத் தேத்தண்ணியோடு நிறுத்திக்கொண்டேன். பஸ் ஒரே ஒரு இடத்தில், ஒரு எண்ணெய் நிலையத்தில் நின்றது. பெண்கள் பக்கம் பூட்டு. திறப்பு வைத்திருந்தவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கடைக்காரரிடமும் கேட்கவில்லை, சாரதியிடமும் சொல்லவில்லை, திரும்பி வந்து சீற்றில் இருந்துவிட்டேன். அடுத்த நான்கு மணித்தியாலமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அன்று இரவே நடுங்கி நடுங்கிக் காய்ச்சல். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. மூன்று நாள் சேலைன் ஏற்றி மருந்து போட்டார்கள். எடுத்திருந்த லீவு அதிலேயே முடிந்தது, கடவுச்சீட்டு வேலை நடக்கவில்லை. நோயாளிகளுக்குத் தினமும் "தண்ணீர் குடியுங்கள், அடக்காதீர்கள்" என்று சொன்ன நான், மற்றவருடைய நாட்டில் இருக்கிறோம் என்ற கூச்சத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் கூச்சம்தான் நம் பெண்களைப் பாடாய்ப் படுத்துகிறது ராத்தா.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சிறுநீரில் கிருமி சேருவது இன்னும் சுலபம். அதனால் உங்களுக்கு இது என்னைவிட முக்கியம். ரியாத்திலிருந்து மக்காவுக்கு 870 கிலோமீற்றர் அளவில் வரும், பத்து மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கொரு தரம் இரண்டு மிடறு தண்ணீர் குடியுங்கள். ஒரேயடியாகப் போத்தலைக் காலி செய்தால்தான் உடனே முட்டும். ஏறுவதற்கு முன் தேத்தண்ணி, கோப்பி வேண்டாம், அவை சிறுநீரைக் கூட்டும். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும், வருகிறதோ இல்லையோ, இறங்கிப் போங்கள். ஏறும்போதே மகனைக் கொண்டு சாரதியிடம் பேசவையுங்கள்: அம்மா நோயாளி, எங்கெங்கே நிற்பீர்கள், இடையில் அவசரம் வந்தால் சொல்லலாமா என்று. மகன் தூங்கிவிட்டால் நீங்களே போய் "லவ் சமஹ்த், ஹம்மாம்" என்று சொல்லுங்கள். தயவுசெய்து, கழிப்பறை என்று அர்த்தம். அந்த இரண்டு சொல் அன்று என் வாயில் வந்திருந்தால் போதும்.

பெரியவர்கள் கட்டும் பம்பஸ் பார்மசியில் கிடைக்கும். ஒன்றைக் கட்டிக்கொண்டு ஏறுவதில் எந்தக் குறைவும் இல்லை. தாயிப் பக்கம் அஸ்ஸைலுல் கபீர் மீக்காத்தில், அதாவது உம்றாவுக்குப் போகிறவர்கள் நிய்யத்து வைக்கும் எல்லை இடத்தில், குளிக்கவும் இஹ்ராமுக்குத் தயாராகவும் எப்படியும் பஸ் நிற்கும், அங்கே மாற்றிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் நெரிசல் இருக்கும், அதற்காக அவசரப்படாதீர்கள்.

குளிசை, இன்சுலின் எல்லாம் மடியில் வைக்கும் பையில் இருக்கட்டும். கீழே பெட்டியோடு போட்டால் வெயில் சூட்டில் இன்சுலின் பழுதாகிவிடும். சாப்பாடு பிந்தினால் சீனி சட்டென்று இறங்கும். கை நடுங்கி வியர்த்தால் பேரீச்சம்பழம் இரண்டு மூன்று உடனே வாயில் போடுங்கள்.

கால் விஷயம் ஒன்று இருக்கிறது. நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்து பயணம் செய்தால் கால் நாளத்தில் இரத்தம் கட்டியாகும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007 இல் சொன்னது. பஸ், ரயில், கார், விமானம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அப்படிப் போகிறவர்களில் 6,000 பேரில் ஒருவருக்கு வரலாம் என்ற கணக்கு, அதனால் பயந்து பயணத்தை விட வேண்டாம். குதியை ஊன்றி விரலைத் தூக்கி, விரலை ஊன்றிக் குதியைத் தூக்கி, இப்படி அடிக்கடி செய்யுங்கள். பயணம் முடிந்து சில நாளில் ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, மூச்சு முட்டினாலோ நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். எண்ணெய் தடவிப் பார்க்க வேண்டாம்.

போய் வந்து எனக்காகவும் ஒரு துஆ கேட்டதாக எழுதுங்கள்.

அக்கா, நான் மலேசியாவில் பினாங்கில் படிக்கிறேன். கோலாலம்பூருக்கு பஸ்ஸில் போனால் ஏசிக் குளிரில் விறைத்து, ஒரு மணித்தியாலத்தில் சத்தியும் எடுக்கிறேன். ஊரில் பொத்துவில் பஸ்ஸில்கூட இப்படி வந்ததில்லை.
*ஆலையடிவேம்பு தம்பி ஒருவர்*

தம்பி, பொத்துவில் பஸ்ஸில் யன்னல் திறந்திருக்கும், நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டு போயிருப்பீர்கள். இப்போது திரை மூடிய பஸ்ஸில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு போகிறீர்கள் என்று நினைக்கிறேன். உடம்பு அசைகிறது என்று உள்காது சொல்கிறது, அசையவில்லை என்று கண் சொல்கிறது. அந்தக் குழப்பத்தில்தான் குமட்டல். முன்பக்கச் சீற் எடுங்கள், திரையை விலக்கித் தூரத்தைப் பாருங்கள், ஃபோனைப் பைக்குள் போடுங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. ஒரு துண்டு இஞ்சி வாயில் வைத்திருப்பது பலருக்கு உதவும். அம்மா ஊரில் முகரத் தந்த தேசிக்காயையும் கொண்டுபோங்கள், வெட்கப்பட எதுவும் இல்லை. இதற்கும் மாறாவிட்டால் பார்மசியில் பயணச் சத்திக் குளிசை கேளுங்கள். பயணத்துக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி முன்னால் போட வேண்டும், சத்தி தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. அது தூக்கம் தரும், இறங்கியவுடன் மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள். குளிருக்கு மேஸும் தொப்பியும் போர்வையும்.

சத்தியைவிட எனக்குக் கவலை சீற் பெல்ட்தான். 2025 ஜூனில் அங்கே கெரிக் பக்கம் பஸ் கவிழ்ந்து பல்கலைக்கழகப் பிள்ளைகள் 15 பேர் இறந்தார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள். அந்த ஜூலையிலிருந்து நெடுந்தூர பஸ் பயணிகள் பெல்ட் போட வேண்டும் என்ற சட்டம் அங்கே இருக்கிறது. சட்டத்துக்காக வேண்டாம், அம்மாவுக்காகப் போடுங்கள்.

இந்தியாவில் படிக்கிறேன். சென்னையிலிருந்து பெங்களூருக்கு இரவு பஸ்ஸில் போனபோது பக்கத்துச் சீற் ஆள் தூங்குவதுபோல நடித்துக் கையைப் போட்டான். நான் சுருண்டு விடியும்வரை இருந்தேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்.
*ஆரையம்பதி, பெயர் வேண்டாம்*

மகள், உங்கள் மேல் ஒரு தூசி அளவு பிழையும் இல்லை. அந்த நேரத்தில் உடம்பு விறைத்துப்போவது இயல்பு. ஏன் கத்தவில்லை என்று உங்களை நீங்களே கேட்டு வருந்தாதீர்கள்.

அடுத்த முறைக்கு மட்டும் சொல்கிறேன். ரிக்கெற் போடும்போது பெண்ணுக்குப் பக்கத்துச் சீற் கேட்க முடியும், தனிச் சீற் உள்ள பஸ்களும் இருக்கின்றன. கொஞ்சம் காசு கூடினாலும் அதை எடுங்கள். கை பட்டவுடன் எழும்பி நில்லுங்கள். பஸ்ஸில் எழும்பி நிற்கும் பெண்ணை எல்லாரும் பார்ப்பார்கள். "கையை எடு" என்று தமிழிலேயே உரத்துச் சொல்லுங்கள், அந்த வழியில் தமிழ் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வருவார்கள். பிறகு சாரதியிடம் போய் விளக்கைப் போடச் சொல்லி, வேறு சீற் கேளுங்கள். தட்டிக் கழித்தால் 112. இந்தியா முழுக்க அவசர எண் அதுதான். பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டையும் இன்றே ஃபோனில் பதிந்து வையுங்கள்.

வீட்டில் யாராவது ஒருவருக்குச் சொல்லுங்கள், சித்தியோ மாமியோ, உங்களை நம்பும் ஒருவர். இந்த இதழை வாசிக்கும் தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை இப்படி ஒன்றைச் சொல்லும்போது படிப்பை நிறுத்தினால், அடுத்த முறை அவள் சொல்லமாட்டாள்.

தங்கச்சி, ஜேர்மனியில் மகனிடம் போயிருந்தேன். சாறி எடுக்கப் பாரிஸ் போய் இரவு பஸ்ஸில் ஸ்ருட்கார்ட் திரும்பினோம். பஸ் மூன்று மணித்தியாலம் பிந்தி வெளிக்கிட்டது. குடிக்கத் தண்ணீரும் தரவில்லை. அதற்குள் சாரதி வழியில் முக்கால் மணி நேரம் ஓய்வு என்று நிற்பாட்டினார். எல்லையில் பொலிஸ் ஏறியது. என் பாஸ்போட் கீழே பெட்டிக்குள். கை கால் உதறி எனக்கு மயக்கமே வந்துவிட்டது. மகன் சிரிக்கிறான். எனக்கு என்ன வருத்தம்?
*களுவாஞ்சிக்குடி வாசகி*

அக்கா, முதலில் காசு விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பஸ் பயணத்துக்குப் பயணிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. மூன்று மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணத்தில், நிலையத்திலிருந்து பஸ் வெளிக்கிட 90 நிமிடத்துக்கு மேல் பிந்தினால் சாப்பாடும் குடிக்கவும் தர வேண்டும். 120 நிமிடம் தாண்டினால் வேறு வழியில் அனுப்புவதா, காசைத் திருப்புவதா என்று உங்களிடம் கேட்க வேண்டும். கேட்கவே இல்லை என்றால் ரிக்கெற் விலையில் பாதி உங்களுக்கு நட்டஈடு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். ரிக்கெற்றை எறிந்துவிடாமல் மகனை இந்தக் கிழமையே எழுதச் சொல்லுங்கள்.

சாரதி நின்றதற்கு மட்டும் கோபப்படாதீர்கள். நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுப்பது அங்கே கட்டாயம். நித்திரை தூங்கிய சாரதிகளால் உடைந்த உடம்புகளை வார்டில் பார்த்தவள் நான். அந்த முக்கால் மணி நேரத்தை நான் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

இனிப் பொலிஸ். 2024 செப்ரெம்பரிலிருந்து ஜேர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை போடுகிறது, பஸ்ஸிலும் ஏறுவார்கள். பாஸ்போட் எப்போதும் உடம்போடு, கழுத்தில் மாட்டும் சின்னப் பையில் இருக்க வேண்டும்.

உங்களுக்கு வந்தது வருத்தம் இல்லை அக்கா. நாம் இருவரும் ஏறக்குறைய ஒரே வயது. யுத்த காலத்தில் வெலிக்கந்தையிலும் புணானையிலும் சோதனைச் சாவடிகளில் பொதிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து வரிசையில் நடந்தவர்கள். யார் திரும்பி ஏறுவார்கள், யார் ஏறமாட்டார்கள் என்று தெரியாமல் நின்றவர்கள். உடம்பு அதை மறப்பதில்லை. மேலே சொன்ன ஹாயில் பயணத்தில், இருட்டும் நேரம் ஒரு சோதனைச் சாவடியில் சீருடைக்காரர் ஒருவர் ரோச் அடித்துக்கொண்டு ஏறினார். அவர் எதுவும் கேட்குமுன்பே நான் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பி நின்றுவிட்டேன், இறங்குவதற்கு. கேரளப் பிள்ளை என் கையைப் பிடித்து இருத்தினாள். "சேச்சி, இங்கே இறங்க வேண்டாம்" என்றாள். அவர் என் இக்காமாவை, அதாவது வதிவிட அனுமதி அட்டையை, பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவள் ரியாத் வரும்வரை கையை விடவில்லை.

அடுத்த முறை பொலிஸ் ஏறும்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள், படபடப்பு குறையும். மகனைப் பக்கத்தில் இருந்து கையைப் பிடிக்கச் சொல்லுங்கள். எத்தனை வயதில் அவர் ஊரை விட்டுப் போனார் என்று நீங்கள் எழுதவில்லை. வெலிக்கந்தையில் அம்மா இறங்கி நடந்தது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு நாள் இருத்திவைத்துச் சொல்லுங்கள் அக்கா.