கணினிக் கேள்வி பதில்: ஸ்பெக்கைக் கட்டிப் பார்த்துப் படிப்பது

கேள்வி: எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாக (0–255 எண்களாக) எழுதும் முறை யூடிஎஃப்-8. அதன் விதிகளைச் சொல்லும் ஸ்பெக்கை, அதாவது ஆர்எஃப்சி 3629 என்ற விதி ஆவணத்தை, இரண்டு தடவை படித்தும் மனசில் நிற்கவில்லை. ‘பைட்டுகளைத் திரும்ப எழுத்தாக்கும் டிகோடர் ஒன்றை நீயே எழுது’ என்கிறார்கள். பைத்தான் நிரல்மொழியில்தான் அது இருக்கிறதே? எங்கள் கடைப் பட்டியலில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். அதை வைத்தே தொடங்கலாமா?
— வாசகர், செங்கோட்டை

பதில்: தாராளமாக. பைத்தானில் இருப்பதும் நல்லதுதான், விடைத்தாள் திருத்த வாத்தியார் கிடைத்தார். 2003-இல் வந்த அந்த ஆவணத்தில் உங்களுக்கு இப்போது வேண்டியது 3, 4-ஆம் பகுதிகள் மட்டும்.

முதலில் பேப்பரில் போடுங்கள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் பட்டியலில் ‘க’வின் எண் 2965. அதை 16 பிட்டாக எழுதி 4, 6, 6 என்று வெட்டி, முன்னால் 1110, 10, 10 சேர்த்தால் 224, 174, 149 என்று மூன்று பைட். மலையாள ககரம் 3349. அது 224, 180, 149. நடு பைட் ஒன்றுதான் வேறு.

முதல் பைட் நீளத்தைச் சொல்லிவிடும்: 0–127 என்றால் ஒன்று, 194–223 இரண்டு, 224–239 மூன்று, 240–244 நான்கு. பின்னால் வருபவை 128–191. பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கடைப் பட்டியலும் ஒழுங்காகத் திறக்கும். நல்ல ஃபைல் எந்தக் கோளாறையும் காட்டிக்கொடுக்காது.

224-க்கு அடுத்தது 160-க்கும், 240-க்கு அடுத்தது 144-க்கும் குறையக்கூடாது. குறைந்தால், சுருக்கமாக எழுத வேண்டியதை நீட்டி எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். 47 என்ற சாய்கோட்டை 192, 175 என்று நீட்டி எழுதி ஃபோல்டர் சோதனையை ஏமாற்றுவது பழைய திருட்டு வழி. 237-க்கு அடுத்தது 159-ஐத் தாண்டினால் அது யூடிஎஃப்-16 என்ற இன்னொரு முறைக்கு ஒதுக்கிய எண். 244-க்கு அடுத்தது 143-ஐத் தாண்டினால் யூனிகோடின் எல்லையான 1114111-ஐக் கடந்துவிட்டது. எல்லாமே பிழை.

ஃபைலை 4096 பைட்டாக வாசித்தால் இன்னொரு சிக்கல்: 4096 மூன்றால் வகுபடாது, எழுத்து நடுவில் அறுபடும். மிச்சத்தை அடுத்த துண்டோடு சேருங்கள். ஃபைல் முடிந்தும் மிச்சமிருந்தால்தான் பிழை. ஒவ்வொரு பைட்டாக ஊட்டிப் பார்த்தால் இது உடனே தெரியும்.

கடைசியாக, மூன்று பைட் சேர்க்கைகள் 1,67,77,216-ஐயும் உங்கள் டிகோடருக்கும் பைத்தானுக்கும் கொடுங்கள். ஓடட்டும், டீ குடித்துவிட்டு வரலாம். விடை வேறுபடும் இடத்தில், 4-ஆம் பகுதியின் எந்த வரியை மீறினீர்கள் என்று தேடுங்கள்.

கேள்வி: என் டிகோடர் ‘கி’யை இரண்டாக எண்ணுகிறது. தப்பா?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: சரிதான். ககரம் ஒரு எண், இகரக் குறி இன்னொன்று; மொத்தம் 6 பைட். ‘கொ’ இரண்டு எண்ணாகவும் வரும், கொம்பும் காலும் பிரிந்து மூன்றாகவும் வரும். வந்தபடியே கொடுப்பதுதான் டிகோடரின் வேலை. இரண்டையும் ஒன்றாக்குவதற்கு வேறு ஸ்பெக் இருக்கிறது.