பழைய ஏ.சி.யை மாற்றுவதா, தவணையை நிறுத்துவதா?

கேள்வி: வேலூரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். நான் தனியார் பள்ளி ஆசிரியை, கணவருக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை. இருவர் சம்பளமும் சேர்ந்து 52,000 ரூபாய், வீட்டுக் கடன் மாதம் 14,000. 2018-இல் வாங்கிய ஒன்றரை டன் ஏ.சி. இப்போது 18-இல் வைத்தாலும் குளிரவில்லை. இரண்டு கோடையாக கேஸ் நிரப்பிப் பார்த்துவிட்டோம். கடைசி கரண்ட் பில் 5,900. ஷோரூமில் வேலை பார்க்கும் என் தம்பி, பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, எங்கள் அறைக்கு ஒன்று, மாமனார் மாமியார் படுக்கும் ஹாலுக்கு ஒன்று என ஃபைவ் ஸ்டார் இன்வெர்ட்டர் ஏ.சி. இரண்டு எடுக்கச் சொல்கிறான். வட்டியே இல்லை என்று சொல்லும் நோ-காஸ்ட் இ.எம்.ஐ., 92,000 ரூபாய், 18 மாதம். ஏற்கெனவே ஃபிரிட்ஜ் 2,450 (5 மாதம் பாக்கி), வாஷிங் மெஷின் 1,900 (3 மாதம்), தம்பிக்காக என் கார்டில் எடுத்த போன் 2,300 (9 மாதம்) போகின்றன. போன் தவணையை இரண்டு மாதம் அவன் தராததால் நானே கட்டினேன். என்ன செய்யலாம்?

பதில்: இன்வெர்ட்டர் என்றால் என்ன, ஸ்டார் என்றால் என்ன என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தம்பியே சொல்லியிருப்பார். உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு வார்த்தைதான் என்னை உறுத்துகிறது: சர்வீஸ். கேஸ் இரண்டு முறை நிரப்பியிருக்கிறீர்கள், ஆனால் ஏ.சி.யைக் கழுவியதாக ஒரு வரி இல்லை. மாதம் 6,650 தவணைக்குப் போகும் வீட்டில் 700 ரூபாய் சர்வீஸ் எப்போதும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். அப்படித் தள்ளித் தள்ளி, நன்றாக ஓட வேண்டிய சாமான் சீக்கிரம் படுத்துவிடுகிறது, உடனே இன்னொரு தவணை தொடங்குகிறது. நீங்கள் நிறுத்த வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

முதலில் கேஸ். அது பெட்ரோல் போல ஓட ஓடத் தீரும் பொருள் அல்ல, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு கோடையும் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்பினால் ஒவ்வொரு முறையும் 3,000 ரூபாய் காற்றோடு போகும். ஏ.சி.யை அரை மணி நேரம் ஓடவிட்டு, அவுட்டோர் யூனிட்டில் செப்புக் குழாய் வந்து சேரும் நட்டுப் பக்கம் பாருங்கள். மெல்லிய குழாயில் ஐஸ் கட்டியிருந்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம், நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பியிருந்தால் கசிவு அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். மெக்கானிக் வந்தால், "சோப்பு நுரை வைத்துக் கசிவைக் காட்டுங்கள், அடைத்த பிறகு கேஸ் போடுங்கள்" என்று கறாராகச் சொல்லுங்கள். கூடவே இண்டோர், அவுட்டோர் இரண்டுக்கும் வாட்டர் சர்வீஸ். ஃபில்டரை நீங்களே கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரியாவிட்டால் குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள், செலவே கிடையாது. எல்லாம் சேர்ந்து 4,500-க்குள் முடியும்.

இப்போது கரண்ட் கணக்கு, தோராயமாகத்தான். 5,900 ரூபாய் பில் என்றால் இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடியிருக்கிறது. அதில் ஏ.சி. மட்டும் இரவுக்கு 9 யூனிட் வீதம் 540 இருக்கும், ஏனென்றால் 18-ஐ எட்டவே முடியாமல் கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது. அதே ஏ.சி.யைச் சுத்தம் செய்து, 25-இல் வைத்து, ஃபேனையும் போட்டால் இரவுக்கு ஆறரை யூனிட்டில் அடங்கும், ஆக 150 யூனிட் மிச்சம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பி.இ.இ. சொல்லும் கணக்கு. 2020-இலிருந்து வரும் ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24-இல் நிற்பது அதனால்தான். உங்களுடையது அதற்கு முந்தையது, நீங்கள்தான் வைக்க வேண்டும். மின்கட்டணத்தின் மேல் அடுக்கில் யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 10 ரூபாய், அதனால் பில்லில் 1,500 குறையும். புது ஃபைவ் ஸ்டார் போட்டால் இரவுக்கு ஐந்தரை யூனிட் ஆகலாம். வித்தியாசம் 60 யூனிட், பில்லுக்கு 600 ரூபாய். கோடைக்கு மூன்று பில் என்று வைத்தாலும் வருடத்துக்கு 1,800. இதற்காக ஒரு ஏ.சி.க்கு 46,000 ரூபாயா? வேண்டாம்.

நோ-காஸ்ட் என்ற பேச்சை நம்பாதீர்கள். ஜீரோ சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதே 46,000 ஏ.சி.யை ரொக்கத்துக்குக் கேட்டால் என்ன விலை என்று தம்பியையே கேளுங்கள். 42,500 என்றால், ப்ராசஸிங் கட்டணம் 600-ஐயும் சேர்த்து ஒரு ஏ.சி.க்கு 4,100 ரூபாய் வட்டி கட்டுகிறீர்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டியையும் சேர்த்து தலையில் கட்டப் பார்ப்பார்கள், அதற்கும் தலையாட்டாதீர்கள். இரண்டு ஏ.சி.யும் எடுத்தால் மாதத் தவணை 6,650-உடன் 5,100 சேர்ந்து 11,750, வீட்டுக் கடனோடு 25,750. சம்பளத்தில் பாதி போய்விடும். இதற்கு நடுவில் மாமனாருக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் எங்கே போவீர்கள்?

பெரியவர்களைப் புழுங்க விடச் சொல்லவில்லை. வேலூர் வெயில் வறண்ட வெயில், சென்னை மாதிரிக் கசகசப்பு கிடையாது. அதனால் ஜன்னலைத் திறந்து வைத்து ஏர் கூலர் போட்டால் ஹால் நன்றாகவே குளிரும், 8,000 ரூபாய்க்குள் கிடைக்கும். ஹாலுக்கு மேல் மொட்டை மாடிதான் என்றால் கோடைக்கு முன்னால் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடியுங்கள், ராத்திரி கூரையிலிருந்து இறங்கும் அனல் குறையும். அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் அவர்களை ஏ.சி. அறையில் படுக்கவையுங்கள், அந்த நாட்களில் நீங்கள் ஹாலில் கூலர் முன்னால் படுத்துக்கொள்ளலாம்.

மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு உள்ளே இருக்கும் குழாய்ச் சுருளே (காயில்) போய்விட்டது, 12,000-க்கு மேல் ஆகும் என்றால் பழையதில் காசு போட வேண்டாம். அப்போதும் ஒரே ஏ.சி., ரொக்கத்துக்கு. வாஷிங் மெஷின் தவணை முடிந்த மாதத்திலிருந்து அந்த 1,900-ஐயும், ஃபிரிட்ஜ் முடிந்ததும் 2,450-ஐயும் தனிக் கணக்கில் போட்டு வந்தால் இன்றிலிருந்து ஒரு வருடத்தில் 34,000 சேர்ந்துவிடும். வாங்கும்போது ஸ்டார் எண்ணிக்கையோடு லேபிளில் உள்ள வருடத்தையும், வருடத்துக்கு எத்தனை யூனிட் என்பதையும் பாருங்கள். ஸ்டார் அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள், பழைய லேபிளின் ஐந்து ஸ்டாரும் இன்றைய ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல. மழைக்காலத்தில் போனால் பேரம் பேசவும் முடியும்.

அப்புறம் தம்பி. அவருக்கு ஷோரூமில் மாத டார்கெட் இருக்கும், அது அவர் வேலை, அதில் தப்பில்லை. ஆனால் போன் உங்கள் கார்டில் இருக்கிறது. ஒரு மாதம் நீங்கள் கட்டத் தவறினாலும் அபராதமும் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுவதற்கான மதிப்பெண்) அடியும் உங்களுக்குத்தான், அவருக்கு இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்து, "நீ தர வேண்டிய இரண்டு மாதம் 4,600, அதை முதலில் கொடு, இனி மாதம் மூன்றாம் தேதிக்குள் 2,300 என் கணக்குக்கு வந்துவிட வேண்டும், என் கார்டில் இனி யாருக்கும் எதுவும் எடுக்கப்போவதில்லை" என்று கணவர் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள். கோபப்படுவார், பத்து நாளில் சரியாகிவிடும். மெக்கானிக்குக்கு நாளைக்கே போன் செய்யுங்கள், ஏப்ரல் பிறந்தால் அவர்கள் கைக்குக் கிடைக்கமாட்டார்கள்.