காமிக்ஸ் தளத்தில் 'அடுத்த பக்கம்' பட்டன் தொடப்போகும் நேரத்தில் ஏன் நழுவிப் போகிறது?

இதன் பெயர் லேஅவுட் ஷிஃப்ட். ஏற்கெனவே திரையில் இருக்கும் ஒன்றை, தாமதமாக வந்து சேரும் படம் நகர்த்திவிடுவது. வரிசையில் நமக்கு முன்னால் திடீரென நான்கு பேர் புகுந்தால் நாம் பின்னுக்குப் போகிறோமே, அதேதான்.

படம் வரத் தொடங்கும்வரை அதன் உயரம் பிரவுசருக்குத் தெரியாது. அதனால் இடம் விடாமல் பட்டனை மேலேயே வைத்துவிடும். படம் வந்ததும் பட்டன் சரசரவென்று கீழே இறங்கும். விரல் வேறெங்கோ பட்டு, கதை படிக்கும் மும்முரமே கலைந்துவிடும்.

தளத்தை உருவாக்குபவர் நீங்கள் என்றால், ஒவ்வொரு படத்தின் டேகிலும் (பக்கத்தில் படத்தைச் சேர்க்கும் குறியீட்டிலும்) அசல் அளவை பிக்சலில் எழுதுங்கள்: உதாரணமாக, அகலம் 800, உயரம் 1200. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் அதிகபட்ச அகலம் 100%, உயரம் 'ஆட்டோ'. 360 பிக்சல் அகலத் திரையில் பிரவுசர் விகிதத்தைக் கணக்கிட்டு 540 பிக்சல் உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடும். 'ஆட்டோ'வை மறந்தால் உயரம் 1200 ஆகவே நின்று, முகங்களெல்லாம் ஒட்டடைக்குச்சி போல் நீண்டுவிடும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

கூடவே, முதல் படத்துக்கு லேஸி லோடிங் (திரைக்கு அருகில் வரும்வரை படத்தை ஏற்றாமல் தள்ளிப்போடுவது) வேண்டாம். வாசகர் அதைப் பார்க்கத்தானே வந்திருக்கிறார்.

கோப்பின் அளவைச் சுருக்கினால் இந்தக் குதிப்பு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். படம் சீக்கிரம் வரும், அவ்வளவுதான், ஒதுக்காத இடம் ஒதுக்காததாகவே இருக்கும்.