கீமோ எடுப்பவருக்குக் கையால் பின்னிக் கொடுக்க என்ன நல்லது?

மார்த்தாண்டத்தில் இருக்கும் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ தொடங்கிவிட்டது, குரோஷே தெரியும், என்ன பின்னலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு தொப்பி. சில கீமோ மருந்துகளுக்கு இரண்டு, மூன்று வாரத்தில் முடி கொட்ட ஆரம்பிக்கும். அப்போது தலைத்தோல் சட்டென்று எரியும், அரிக்கும். அதனால் கம்பளி நூல் வேண்டாம். நம் மாவட்டத்துப் புழுக்கத்துக்கு அது சரிப்படவும் செய்யாது. மெல்லிய பருத்தி நூல் போதும். தையல், முடிச்சு எதுவும் உள்பக்கம் உறுத்தக் கூடாது. தடவிப் பார்த்துவிட்டே கொடுங்கள்.

சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. விடியற்காலைப் பயணத்துக்கும் ஏசி அறைக்கும் ஒரு சிறு சால்வை பெரிய உதவி.

மார்பகம் அகற்றும் அறுவை நடந்தால், பருத்தி நூலில் பின்னி, பஞ்சு போன்ற பாலியஸ்டர் இழை அடைத்த செயற்கை மார்பகம் பின்னலாம். சிலிக்கானைவிட லேசு, துவைக்கலாம். காயம் ஆறி மருத்துவர் சரி என்ற பிறகுதான் அணிய வேண்டும். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தக் கை வீங்கக்கூடும். இறுக்கமான கைப்பட்டை எதுவும் பின்னாதீர்கள்.

கீமோ காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். மணமில்லாத சோப்பில் துவைத்து, நன்றாகக் காயவைத்து, புதுப் பையில் போட்டுக் கொடுங்கள். அப்புறம், நிறத்தை அத்தையிடமே கேட்டுவிடுங்கள்.