மலக்குடல் புற்றுநோய் அறுவைசிகிச்சையே இல்லாமல் மறைந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் எல்லோருக்கும் அல்ல.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஆண்ட்ரியா செர்செக், லூயிஸ் டயஸ் குழு நடத்திய ஆய்வு அது. டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். 2022 ஜூனில் முடிவு வெளியானபோது, சிகிச்சையை முடித்திருந்த 12 பேருக்கும் கட்டி இல்லை. ஸ்கேன், எண்டோஸ்கோபி, பயாப்சி என எதிலும் சிக்கவில்லை.

எப்படி? செல் பிரியும்போது டிஎன்ஏவை நகலெடுக்கும். அதில் விழும் எழுத்துப்பிழைகளைத் திருத்தச் சில புரதங்கள் உண்டு, புரூஃப் பார்ப்பவர் மாதிரி. இந்த நோயாளிகளின் கட்டியில் அந்த ஆள் லீவு! பிழைகள் குவிந்து, புற்றுசெல் அந்நியமாகத் தெரியும். நியாயமாக, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி-செல்கள் அதன்மேல் பாய்ந்திருக்க வேண்டும். ஆனால் அவற்றின் மேலுள்ள பிடி-1 என்ற பிரேக்கைப் புற்றுக்கட்டி அழுத்திப் பிடித்திருக்கும். மருந்து அந்தப் பிரேக்கை விடுவிக்கிறது, அவ்வளவுதான்.

வழக்கமான வழி கீமோ, கதிர்வீச்சு, அப்புறம் அறுவை. பிழைத்தாலும் சிலர் வயிற்றில் மலம் சேரும் பை மாட்டியே வாழ வேண்டும், குழந்தைப்பேறு போய்விடலாம். இளம் வயதினருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! அதனால்தான் 12 பேர் என்ற சின்ன எண்ணிக்கையும் அவ்வளவு பேசப்பட்டது. 2025இல், சிகிச்சையை முடித்த 49 பேருக்கும் கட்டி மறைந்தது என்று ஆனது.

சரி, யாருக்குப் பொருந்தும்? மலக்குடல் புற்றுநோயாளிகளில் சுமார் 5 முதல் 10 சதவீதத்தினருக்குத்தான் இந்தத் திருத்தக் குறைபாடு இருக்கும். வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்றால், பயாப்சியில் இந்தக் குறைபாட்டைக் கண்டறியும் 'எம்எம்ஆர்' சோதனை செய்தார்களா என்று சிகிச்சை தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.